கால் எட்டாத காக்பிட்

என் உயரம் நான்கடி ஒன்பது அங்குலம். பதினாறு வயதில் அந்த அளவைத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டேன். அம்மாவும் அதே உயரம், அம்மாவின் அக்கா தங்கைகளும் அதே உயரம். எங்கள் வீட்டுப் பெண்கள் கூட்டமாக நின்று எடுத்துக்கொண்ட கல்யாணப் போட்டோக்களில் பின்வரிசை என்று ஒன்று இருக்காது. அதனால் குட்டையாக இருப்பதைப் பற்றி எனக்குத் தனியாக வருத்தம் எதுவும் வளரவில்லை. எட்டாத இடத்தில் எதையாவது போட்டு ஏறிக்கொள்வது எங்களுக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம்.

வீடு போடியில். போடிமெட்டுக்குப் போகும் பாதையில், மலைச்சரிவில், அப்பாவுக்கு ஓர் ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. தோட்டத்துக்குப் போய்வர ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார். அவருக்கு முழங்கால் வலி. வைக்கிற டிரைவர்களோ அவர் கோபத்துக்குத் தாங்காமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் கல்லூரிக்குப் போவதற்கு முன்பே ஒரு நாள் சாவியை என் கையில் கொடுத்தார்.

"ஆத்தா, இனிமே நீயே ஓட்டு. ஒன்னையத் திட்டுனா கணக்கு முடிக்கச் சொல்லிட்டுப் போக மாட்டேல்ல" என்றார்.

முதுகுக்குப் பின்னால் மடித்த சாக்கு. சீட்டின் விளிம்பில் நான். கிளட்சை முழுதாக அமுக்கும்போது பாதி உடம்பு சீட்டை விட்டு இறங்கிவிடும். அடிவாரத்து முந்தல் தாண்டிக் கொண்டையூசி வளைவுகளில் எதிரே வரும் ஜீப்புக்காரர்கள், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஆளே இல்லாமல் ஒரு வண்டி ஏறி வருகிறதே என்று முதலில் மிரண்டார்கள். கொஞ்ச நாளில் பழகிவிட்டார்கள். தோட்டத்து வேலைக்கு ஏறிப்போகும் பெண்கள் பின்னால் உட்கார்ந்து என்னை அதட்டவும் ஆரம்பித்தார்கள்: "வெரசாப் போ தாயி, மழ எறங்கிரும்."

எழுபதுகளின் பிற்பகுதியில் மதுரையில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு வெளியே சிறிய விமானங்களில் பறக்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு சங்கம் இருந்தது. பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று கல்லூரிப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். நான் விண்ணப்பித்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னேன்.

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஜீப்பை விட வெரசாப் போகுமா?"

"போகும்ப்பா."

"அப்பக் கத்துக்க."

"இந்த மனுசனுக்கு எல்லாமே வெளையாட்டு" என்று அம்மா உள்ளே போய்விட்டாள். ஆனால் மறுநாள் நான் கிளம்புவதற்குள் எனக்கு இரண்டு சட்டையும் பேண்ட்டும் தைக்கக் கொடுத்திருந்தாள். சேலையைக் கட்டிக்கொண்டு விமானத்தில் ஏற முடியாது என்பது அவளுக்கு என்னை விட முன்னால் தோன்றியிருக்கிறது.

அந்த விமானம் என் கண்ணுக்கு இன்னும் தெரிகிறது. இரண்டு பேர் அருகருகே உட்காரலாம். தலைக்கு மேலே இறக்கை. உடம்பெல்லாம் குழாய்ச் சட்டம், அதன்மேல் துணியை இழுத்துப் போர்த்திப் பூச்சுப் பூசியிருப்பார்கள். முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலில் ஒரு சின்னச் சக்கரம். அதனால் தரையில் நிற்கும்போது மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, வால் தரையைத் தேய்க்கிற மாதிரி நிற்கும்.

கற்றுக்கொடுப்பவர் விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்றவர். திருநெல்வேலிக்காரர். நெட்டையான ஆள், பேச்சு குறைவு. முதல் நாள் என்னை இடதுபக்கச் சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு வெளியே நின்றபடி கேட்டார்.

"என்ன தெரியுது?"

"வானம் தெரியுது சார்."

"ரன்வே?"

"தெரியல சார்."

உள்ளே போய் ஒரு மெத்தையை எடுத்துவந்து எனக்கு அடியில் போட்டார். இப்போது புல்வெளியின் ஓரம் கொஞ்சம் தெரிந்தது. ஆனால் கால் அந்தரத்தில் தொங்கியது. வாலைத் திருப்புவதற்குக் காலால் மிதிக்கும் இரண்டு பெடல்கள் உண்டு. ரட்டர் பெடல் என்பார்கள். வலது பெடலை முழுதாக மிதிக்கச் சொன்னார். பாதி தூரம் போனதும் என் கால் முடிந்துவிட்டது, பெடல் முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் இன்னொரு மெத்தையைத் திணித்தார். கால் எட்டியது. ஆனால் இப்போது, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தரையிலிருந்து எழுந்து நிற்கும் கட்டுப்பாட்டுக் கம்பி என் வயிற்றில் வந்து முட்டியது. அதற்குப் பெயர் ஸ்டிக். இறங்கும்போது அதைக் கடைசிவரை தன் பக்கம் இழுக்க வேண்டும். என்னால் முக்கால்வாசிதான் இழுக்க முடிந்தது.

உயர்த்தினால் கால் போய்விடுகிறது. முன்னால் தள்ளினால் கை போய்விடுகிறது. இரண்டையும் விட்டால் கண் போய்விடுகிறது. விமானத்தின் சீட்டோ அசையாது. சட்டத்தோடு சேர்த்து அடித்தது.

அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவரை மதிக்கிறேன். விரல் விட்டு எண்ணிச் சொன்னார். "ஒங்க கண்ணு வெளிய பாக்கணும். ரெண்டு காலும் கடைசி வரைக்கும் போகணும். ஸ்டிக் வயித்துல இடிக்காமப் பின்னால வரணும். மூணும் ஒரே நேரத்துல நடக்கணும். அப்படி உக்கார வழி கண்டுபிடிச்சிட்டு வாங்க. நான் கத்துத் தர்றேன்."

"கண்டுபிடிச்சிட்டா சேத்துக்குவீங்களா சார்?"

"உரிமம் உயரத்தைக் கேக்கல. ஓட்டத் தெரியுமான்னுதான் கேக்குது."

சங்கத்தில் விமானங்களைப் பராமரிக்க ஓர் இன்ஜினியர் இருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் தரையை விட்டு எழும். நான் விமானத்தை அளந்துகொள்ளலாமா என்று அவரிடம் கேட்டேன். தாராளமாக அளந்துகொள்ளச் சொல்லிவிட்டு ஒரு எச்சரிக்கையும் விட்டார். "எதை வேணும்னாலும் உள்ள கொண்டு வாங்க, போகும்போது வெளிய எடுத்துட்டுப் போங்க. என் விமானத்துல ஒரு ஸ்க்ரூ ஏறக் கூடாது. பெடலை மாத்துறது, சீட்டைத் தள்ளுறது எல்லாம் மேல எழுதிக் கேட்டு உத்தரவு வாங்கணும். அது வர்றதுக்குள்ள நீங்க பாட்டியாயிருவீங்க."

தையற்காரர் வைத்திருக்கும் துணி டேப்பை வாங்கிவந்து ஒரு மதியம் முழுக்க அந்தக் காக்பிட்டுக்குள் ஊர்ந்தேன். சீட்டிலிருந்து பெடல், பெடல் முன்னால் போனால் எவ்வளவு, பின்னால் வந்தால் எவ்வளவு, ஸ்டிக் எங்கே நிற்கிறது, டேஷ்போர்டு எவ்வளவு உயரம் எல்லாவற்றையும் எடுத்தேன். மறுநாள் கோடை விடுமுறை. போடிக்கு பஸ் ஏறினேன்.

கோடையில் தோட்டத்து ஸ்டோர் காலியாகக் கிடக்கும். ஸ்டோர் என்றால் பறித்த ஏலக்காயைச் சூடேற்றி உலர்த்துகிற கட்டடம். காய் எடுப்பு முடிந்துவிட்டதால் உள்ளே தட்டுகளும் பெட்டிகளும் மட்டும் அடுக்கியிருந்தன. பழைய பெட்டிகளைப் பிரித்து, அதே அளவில் ஒரு காக்பிட்டை நானே அடித்தேன். சீட்டுக்கு ஜீப்பின் பின் பெஞ்சு. பெடலுக்குக் கீல் வைத்த இரண்டு பலகை. ஸ்டிக்குக்கு மண்வெட்டிப் பிடி. முழுதையும் பின்பக்கம் சாய்த்து, மூக்குத் தூக்கி நிற்கிற மாதிரி செங்கல் மேல் நிறுத்தினேன். மூக்குக்குத்தான் என்ன வைப்பது என்று தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டோடு வழியில் வந்த ஒரு ஜீப்பில் ஏறிவந்த அம்மா வாசலில் நின்று பார்த்தாள். "என்னடி சோலி இது? கோயில் சப்பரமா?"

சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போய், புடைக்கிற சொளகு ஒன்றை எடுத்துவந்தாள். எனக்கு முன்னால் நின்று அதைக் குறுக்கே பிடித்துக்கொண்டாள்.

"இதுதான் மூக்குன்னு வச்சுக்க. இப்பத் தெரியுதா?"

"தெரியல."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் எறக்கு. அம்புட்டு இல்ல. விமானத்துல அது இங்கதான் இருக்கும், நாந்தான் ஏறணும்."

அடியில் நான் பலகை பலகையாக வைத்து ஏற, அவள் சொளகைப் பிடித்தபடி கை வலிக்க நின்றாள். இடையில், "எட்டலன்னா விட்டுத் தொலைய வேண்டியதுதானே" என்றாள். ஆனால் சொளகை இறக்கவில்லை.

அன்றைக்கு மாலைக்குள் எனக்குக் கணக்கு வந்துவிட்டது. அடியில் ஒரு சாண் உயரம் வேண்டும். பின்னால் நான்கு விரல் கனத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் ஸ்டிக் வயிற்றில் முட்டும். மீதி குறைகிற தூரத்தைப் பெடல் பக்கம்தான் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பெடல் மேல் வைத்துத் தோல்வாரால் கட்டுகிற மாதிரி இரண்டு மரக்கட்டை செதுக்கினேன். ஸ்க்ரூ இல்லை. இன்ஜினியர் கோபப்பட வழியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மெத்தைக்குப் போடியில் அலைய வேண்டியதில்லை. எங்கள் ஊரே இலவம்பஞ்சு ஊர். கடைத்தெருவில் மெத்தைக்கடை வைத்திருந்த பாய் ஒருவரை எங்கள் வீட்டில் எல்லோரும் உறவு சொல்லித்தான் கூப்பிடுவோம். எனக்கு அவர் மாமா. அளவைச் சொன்னதும் அவருக்கு ஒரே குஷி.

"ஏரோப்பிளேனுக்கா? நம்ம பஞ்சு தில்லி வரைக்கும் போயிருக்கு, ஆகாசத்துக்குப் போனதில்ல. நாளைக்கே வா ஆத்தா, தச்சு வைக்கிறேன்."

தைத்தும் வைத்தார். அழகான இரண்டு மெத்தை, உட்கார்ந்தால் பூ மாதிரி. அதை விமானத்தில் சோதிப்பதற்கு முன் ஜீப்பில் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மலை ஏறும்போது ஜீப்பின் மூக்கும் அதே மாதிரிதானே தூக்கிக்கொண்டு நிற்கும்?

கீழே புறப்படும்போது பாதை நன்றாகத் தெரிந்தது. நாலைந்து வளைவு ஏறியதும் பானெட் கொஞ்சம் உயர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. பாதி மலையில் கிளட்சுக்குக் கால் நீட்ட வேண்டியிருந்தது. மெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஸ்டீயரிங் வளையத்துக்கு உள்ளே புகுந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சு அமுங்கி அமுங்கி, நான் கீழேயும் பின்னாலேயும் இறங்கிக்கொண்டே போயிருக்கிறேன். இதே மெத்தையில் விமானம் ரன்வேயில் ஓடி எழும்பினால் என் கால் பெடலை விட்டு நழுவியிருக்கும். அந்த நேரத்தில் ரட்டர் இல்லை என்றால் விமானம் புல்வெளிக்குள் போய்ப் படுத்துவிடும்.

திரும்பி வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"நம்ம பஞ்சு அமுங்குமா? யாருகிட்டச் சொல்ற? ரெண்டு தலமொற படுத்துட்டுத் திரும்ப அடிச்சுத் தச்சுக்கிற பஞ்சு இது!"

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க மாமா. வண்டியில ஏறுங்க."

கடையைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஏறிவிட்டார். பக்கத்துச் சீட்டில் அந்த மெத்தையின் மேல் அவரை உட்காரவைத்து மெட்டுவரை ஓட்டினேன். அவர் பாதையைப் பார்க்கவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் முழங்காலையும் டேஷ்போர்டையும் மாறி மாறி அளந்துகொண்டு வந்தார். மேலே போய்ச் சேர்ந்ததும் இறங்கி, மெத்தையை எடுத்து இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்தார். நான் இரண்டு டீ வாங்கிவந்தேன். டீயை வாங்கிக்கொண்டு சொன்னார்.

"பஞ்சு மேல குத்தமில்ல. இது படுக்கிற பஞ்சு. ஒனக்கு வேண்டியது சாஞ்சு நிக்கிற சாமான். தேங்கா நாரை இறுக்கி, ஊடால ஊடால ஊசி போட்டுத் தச்சா கல்லு மாதிரி நிக்கும்."

"அதையே போடுங்க மாமா."

"கல்லு மேல எப்படித்தா உக்காருவ? மேல ஒரு விரக்கடை இலவம்பஞ்சு போட்டுத்தான் தருவேன். அது இல்லாம என் கடையில இருந்து மெத்தை போகாது."

அது நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டேன். நார் மெத்தையை மூன்று தடவை மலை ஏற்றிச் சோதித்தேன். ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை.

ஜூன் மாதம் மெத்தையையும் மரக்கட்டைகளையும் சாக்கில் கட்டிக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். மெத்தைகளை இன்ஜினியர் அமுக்கிப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார், சரி என்றார். பிறகு நான் பெடலில் கட்டிய மரக்கட்டையைப் பிடித்து இரண்டு தடவை ஆட்டினார். மூன்றாவது தடவை ஓங்கி இழுத்தார். வார் நழுவிக் கட்டை அவர் கையோடு வந்துவிட்டது. அதைப் பெடலுக்கு அடியில் போட்டார்.

"இப்ப மிதிங்க."

மிதித்தேன். பெடல் கட்டையில் முட்டி நின்றது. ஏறி நின்று மிதித்தாலும் அசையாது என்று தெரிந்தது.

"மேல போயிட்டு இருக்கும்போது இது நடந்தா குனிஞ்சு எடுப்பீங்களா?"

மாட்டேன் என்று தலையாட்டினேன். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு அவ்வளவு தூரம் குனியவே முடியாது. விமானத்துக்குள் கழன்று விழக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். பறப்பதற்கு முன்பே கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். என்னோடு உள்ளே வந்து என்னோடு வெளியே போகிற எதுவும் கழன்று விழாது. அப்படியென்றால் கட்டை பெடலில் இருக்க வேண்டிய அவசியம் என்ன?

"சார், இதைப் பெடல்ல கட்டாம என் கால்ல கட்டிக்கிட்டு வந்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலு ஒங்களோடது. அதுக்கு நான் கையெழுத்துப் போட வேண்டியதில்ல" என்றார். பிறகு, நான் போகப் புறப்பட்டதும் கூப்பிட்டு, "குதிகால்ல கனம் வைக்காதீங்க. பிரேக்கு குதிகாலுக்குத்தான் இருக்கு" என்றார். அந்த விமானத்தில் ரட்டர் பெடலுக்குக் கீழே, குதிகாலால் அமுக்குகிற மாதிரி சின்னதாகப் பிரேக் இருக்கும். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

மறுபடியும் போடி. கடைத்தெருவில் செருப்புத் தைப்பவரிடம் கணுக்கால்வரை லேஸ் கட்டுகிற பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி, அடியில் கனம் வைக்கச் சொன்னேன். முதலில் ஜீப் டயரை வெட்டி ஒட்டினார். கால் இரும்பு மாதிரி கனத்தது. பெடலை மிதிக்கிறேனா தரையை மிதிக்கிறேனா என்றே தெரியவில்லை. அதைப் பிய்த்துவிட்டுத் தோலை அடுக்கடுக்காக ஒட்டித் தைக்கச் சொன்னேன். விரல் பக்கம் மூன்று விரல் கனம், குதிகாலுக்கு வர வர மெலிந்து ஒரு விரல். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தபோது முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்து வாத்து மாதிரி இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்து, என் பக்கத்தில் வந்து நின்று, தலைக்கு மேல் கையை வைத்து அளந்தாள்.

"அடி ஆத்தி, என்னைய விட ஒசந்துட்ட!" என்று சிரிக்க ஆரம்பித்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிறுத்தினாள்.

இந்தத் தடவை, கற்றுக்கொடுக்கும் சார் என்னை உட்காரவைத்துவிட்டுத் தானும் வலதுபக்கச் சீட்டில் ஏறிக்கொண்டார். இடது பெடல் கடைசிவரை போயிற்று. வலது பெடலும் போயிற்று. குதிகால் பிரேக்கில் பதிந்தது. ஸ்டிக்கை இழுத்தேன், வயிற்றைத் தொடாமல் நின்றது.

"என்ன தெரியுது?"

"ரன்வேயோட ரெண்டு ஓரமும் தெரியுது சார். காத்து எந்தப் பக்கம்னு காட்டுற பை தெரியுது. நடுவுல மூக்கு மறைக்குது."

"எனக்கும் அம்புட்டுத்தான் தெரியுது. போகலாம்" என்றார்.

முதல் முறை தரை கீழே போனபோது நான் பயப்படவில்லை. பயப்பட நேரம் இல்லை என்பதுதான் உண்மை. மூக்கு இங்கும் அங்கும் அலைந்தது. என் கால் தானாக அதைத் திருத்திக்கொண்டிருந்தது. கொண்டையூசி வளைவில் ஜீப்பைத் திருப்பிய கால் அது. "காலு நல்லாருக்கு" என்றார் சார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது என்று பின்னால் தெரிந்தது.

இறங்கும் பயிற்சி ஆரம்பித்தபோதுதான் ஒரு சிக்கல். ரன்வே நெருங்கி, சக்கரம் தரைக்கு ஒரு முழம் மேலே இருக்கும்போது, "இழுங்க, இன்னும் இழுங்க" என்றார். இழுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்டிக் நின்றுவிட்டது. விமானம் தரையில் குதித்து எழும்பியது. "என் கண்ட்ரோல்" என்று சொல்லி அவர் பிடித்து இறக்கினார்.

"வயித்துல இடிக்குதா?"

"இல்ல சார். ஏதோ இரும்புல இடிக்குது."

ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தோம். இடுப்பு பெல்ட்டின் பக்கிள்! மெத்தையால் நான் முன்னால் வந்திருந்ததால் அந்த இரும்புக் கொக்கி ஸ்டிக்கின் பாதையில் நடுவாக நின்றிருக்கிறது. தரையில் சோதித்த அன்றைக்கு பெல்ட் போடவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் அது தோன்றவில்லை. இன்ஜினியர் வந்து பெல்ட்டின் ஒரு பக்கத்தை நீட்டி மறுபக்கத்தைக் குறுக்கினார். பக்கிள் இடுப்பின் ஓரத்துக்குப் போய்விட்டது. அதற்குத்தான் பெல்ட்டில் நீட்டிக் குறுக்கும் வசதி இருக்கிறதே, ஸ்க்ரூ எதுவும் வேண்டியதில்லை. அன்றைக்கே மறுபடியும் ஏறினோம். இந்தத் தடவை ஸ்டிக் கடைசிவரை வந்தது. மூன்று சக்கரமும் சேர்ந்து தரையைத் தொட்டன.

மழைக்காலம் முடிந்து, ஒரு காலை நேரம், சார் ரன்வே ஓரத்தில் விமானத்தை நிறுத்தச் சொல்லி இறங்கிக் கதவைச் சாத்தினார். "ஒரு சுத்துப் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் புல்லில் நடந்துபோய்விட்டார். தனியாகப் பறந்த அந்த முதல் சுற்றைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். எனக்கு நினைவிருப்பது, விமானம் அவர் கனம் இல்லாமல் சட்டென்று எழும்பியதும், பக்கத்துச் சீட் காலியாக இருந்ததால் வலதுபக்க ஜன்னல் முழுக்க எனக்கே கிடைத்ததும்தான். வைகை ஆற்று மணலைப் பார்த்தேன். வாய்விட்டுப் பாடினேன். இறங்கினேன். சார் கை கொடுத்தார்.

உரிமத்துக்கு முன்னால் தனியாக ஒரு நெடுந்தூரப் பயணம் போய்த் திரும்ப வேண்டும். எங்கே என்று சார் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, போடி என்றேன். வழி தவறவே முடியாது. மதுரையிலிருந்து மேற்கே போகும் தண்டவாளம் எங்கள் ஊரில்தான் முடிகிறது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் போதும். எந்த நாள் வருவேன் என்று அப்பாவுக்கும் கடிதம் போட்டேன்.

"ஸ்டேஷனுக்கு மேல திரும்பிரணும். அதைத் தாண்டி மலைப்பக்கம் போகக் கூடாது" என்றார். "மேற்க இருந்து வர்ற காத்து மலையைத் தாண்டினதும் ஒங்க ஊர்ப் பக்கமாக் கீழ விழும். விமானத்தையும் சேத்து அமுக்கிரும்."

அடுத்த கோடை முடிந்து, மேற்கேயிருந்து மேல்காற்று தொடங்கியிருந்த சமயம். உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாய்க்கு மேலே போனபோது வலதுபக்கம் வைகை அணைத் தண்ணீர் தகடு மாதிரி பளபளத்தது. தேனி வந்தது. அதற்கப்புறம் மலை. பிறந்ததிலிருந்து அந்த மலையைக் கீழேயிருந்து அண்ணாந்துதான் பார்த்திருக்கிறேன். இப்போது அது என் கண்ணுக்கு நேராக நின்றது. போடிமெட்டுப் பாதை சுவரில் கரிக்கட்டியால் கிறுக்கிய மாதிரி வளைந்து வளைந்து ஏறியது. தண்டவாளம் முடிகிற இடம் தெரிந்தது. திரும்ப ஆரம்பித்தேன்.

அப்போதுதான் காற்று பிடித்தது. விமானம் அப்படியே பள்ளத்தில் இறங்கியது. இடது இறக்கை சரிந்து, ஜன்னலில் ஊருக்குப் பதில் ராசிங்காபுரத்துப் பக்கத்து வயல் வந்து நின்றது. ஸ்டிக்கை வலதுபக்கம் தள்ளி, வலது பெடலை மிதித்தேன். முழுசாக மிதித்தேன். கடைசிவரை போயிற்று. மூக்கு மெல்லத் திரும்பி, இறக்கை எழுந்தது. இன்ஜினை முழு வேகத்தில் விட்டு, மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே வந்தேன். தேனியைத் தாண்டிய பிறகுதான் திரும்பி மலையைப் பார்த்தேன். 

சனிக்கிழமை ஊருக்குப் போனபோது அப்பா கோபமாக இருந்தார்.

"ஊரு வரைக்கும் வந்துட்டுத் தோட்டத்தப் பாக்காமத் திரும்பிட்டியே. ஆளுகளையெல்லாம் பாறை மேல ஏத்தி நிக்க வச்சிருந்தேன். அவளுக என்னையக் கேலி பண்றாளுக."

"காத்து கீழ தள்ளுதுப்பா. மலைக்கிட்ட வரக் கூடாது."

"எப்பத்தான் வரலாம்?"

"தை மாசம் வர்றேன். அப்பக் காத்து கெழக்க இருந்து அடிக்கும். மலை மேல மோதி மேல ஏறும். என்னையும் தூக்கிவிடும்."

 "சரி, தை மாசம்" என்று அப்பா தோட்டத்து மேஸ்திரியிடம் சொல்லப் போய்விட்டார்.

உரிமம் கிடைத்தது. எண்பதுகளின் நடுவரை பறந்தேன். கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அதற்குப் பிறகும் பறந்தேன். சங்கத்துக்குப் புதிதாக வந்த இன்னொரு விமானத்தில் முன்னும் பின்னும் நகர்கிற சீட் இருந்தது. அதிலும் எனக்குக் கொஞ்சம் போதவில்லை. நார் மெத்தையைத் தூக்கிக்கொண்டு விமானங்களை நிறுத்தும் ஹேங்கருக்குள் நான் நுழைந்தால் யாரும் திரும்பிப் பார்க்காத அளவுக்கு அது பழகிப்போயிருந்தது. என்னை விடக் கொஞ்சம் உயரமான ஒரு கோயம்புத்தூர்ப் பெண் அதை இரவல் வாங்கிப் பறந்து பார்த்துவிட்டு, அதே அளவில் தனக்கு ஒன்று தைத்துத் தரச் சொன்னாள். பூட்ஸை மட்டும் கொடுக்கவில்லை. அது என் காலுக்கு அளந்தது.

அப்பாவிடம் சொன்னேனே, அந்தத் தை மாதமே போனேன். குளிர்ந்த, தெளிந்த காலை. அறுவடை முடிந்த வயல்கள் கீழே பழுப்பும் பச்சையுமாகக் கிடந்தன. போடிக்கு மேலே வந்ததும் சார் சொல்லியிருந்த உயரத்தில், மலைக்குப் பாதுகாப்பான தூரம் விட்டு, சரிவுக்கு இணையாகத் திரும்பினேன். கிழக்கேயிருந்து வந்த கீழ்க்காற்று சரிவில் மோதி மேலே எழுந்துகொண்டிருந்தது. இன்ஜின் வேகத்தைக் குறைத்தும் விமானம் தானாக மேலே ஏறியது. மெட்டுப் பாதையில் ஒரு ஜீப் நின்றது. அதற்கு மேலே மரங்களுக்கு நடுவில் எங்கள் ஸ்டோரின் தகரக் கூரை. பக்கத்துப் பாறையில் சிவப்பும் மஞ்சளுமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். தோட்டத்துப் பெண்கள் துண்டை எடுத்து ஆட்டினார்கள்.

இதில் அப்பா எந்தப் புள்ளி என்று எனக்குத் தெரியவில்லை. இறக்கையை இரண்டு பக்கமும் சாய்த்துக் காட்டினேன். துண்டுகள் இன்னும் வேகமாக ஆடின. இன்னொரு தடவை சுற்றி வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பெட்ரோலைப் பார்த்தேன், போதுமான அளவு இருந்தது. இடது காலை அழுத்தி, ஸ்டிக்கையும் சேர்த்துச் சாய்த்து, தேவாரத்துப் பக்கமாக வளைந்து மறுபடியும் மலையைப் பார்த்துத் திரும்பினேன்.